எலும்பு முறியாத கைக்கு மாவுக்கட்டு எதற்கு?

பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுப்பாடிழக்கும் நிலை) உள்ள குழந்தையின் மடங்கிய கைக்கு மாவுக்கட்டுப் போடலாம் என்றதும் பெற்றோர் பலர் திகைத்துப் போகிறார்கள். எலும்பு முறியாதபோது கட்டு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கட்டைப் பிரித்ததும் கை சரியாகிவிடும் என்று வேறு சிலர் நம்பிவிடுகிறார்கள். இயன்முறை மருத்துவராக எனக்கு அந்தக் கேள்வியைவிட இந்த நம்பிக்கைதான் கவலை தருகிறது.

இக்குழந்தைகளின் கை மடங்கியிருப்பதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. ஒன்று விறைப்பு: வேகமாக நீட்டினால் தசை எதிர்த்து இறுகும், பொறுமையாக நீட்டினால் ஓரளவு விட்டுக்கொடுக்கும். மற்றொன்று, எப்போதும் மடங்கியே இருக்கும் தசை, வளரும் எலும்புக்கு ஈடாக நீளாமல் குறுகிப்போவது. தூக்கத்தில் விறைப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆகவே, குழந்தை அயர்ந்து உறங்கும்போதும் முழங்கை ஓரிடத்துக்கு மேல் நீள மறுக்கிறதா என்று கவனித்து வரும்படி தாய்மார்களிடம் சொல்வேன். அழும் குழந்தையிடம் நான் எடுக்கும் அளவைவிட அந்தத் தகவல் பல சமயம் நம்பகமானது.

மாவுக்கட்டு முதன்மையாக இந்தக் குறுக்கத்துக்கானது. நீட்டிய நிலையில் நிறுத்தப்பட்ட தசை, தன் இழைகளில் புதிய சுருங்கும் அலகுகளைச் சேர்த்து நீள்வதை 1970களில் விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. விறைப்பின் வேர் மூளையில் இருப்பதால் கட்டு அதை அகற்றாது. விறைப்பு மிகுந்த குழந்தைகளுக்கு, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு, அது வேலை செய்யத் தொடங்கிய பின் கட்டுப் போடுவதுண்டு.

முழங்கையை முடிந்த மட்டும் இழுத்துக் கட்டுவது தவறு. எட்டக்கூடிய எல்லைக்குச் சில பாகைகள் முன்பாகவே நிறுத்தி, முழங்கை நுனியிலும் மணிக்கட்டு எலும்பின் மேலும் கூடுதலாகப் பஞ்சு வைத்து, விரல் நுனிகள் வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். ஏறத்தாழ வாரம் ஒருமுறை பிரித்து, தோலைப் பார்த்து, கோணத்தை அளந்து, இன்னும் சற்று நீட்டி மறு கட்டுப் போடுவோம். அடுத்தடுத்த கட்டுகளில் கோணம் முன்னேறவில்லை என்றால் நிறுத்திவிடுவதே சரி. தோலில் புண், இரத்த ஓட்டக் குறைவு, கட்டுக்குள்ளேயே கையை ஓயாது முறுக்கும் கட்டற்ற அசைவு ஆகியவை உள்ள குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கிறோம்.

வீட்டில் விரல்களைக் காலையும் மாலையும் பாருங்கள். வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, வீங்கினாலோ, கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இக்குழந்தைகளில் பலரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. காரணம் தெரியாத அழுகை, உண்ண மறுத்தல், உறங்காமை ஆகியவற்றையே வலியின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் அரிக்கும் என்பது உண்மைதான், அதற்காகப் பென்சிலையோ ஊசியையோ உள்ளே விட வேண்டாம்.

கட்டினால் கோணம் கூடுகிறது. ஆனால் கோணம் கூடியதாலேயே குழந்தை கையைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவதில்லை. கனடாவில் நடந்து 1997இல் வெளியான ஆய்வொன்றில், கட்டுடன் தீவிரப் பயிற்சி பெற்ற குழந்தைகளுக்கும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் வழக்கமான செயல்முறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கைச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அசையாமல் கிடந்த தசை வலுவிழந்தும் இருக்கும். எனவே, சட்டைக் கைக்குள் கையை நுழைப்பதா, முழங்கை மடிப்பைக் கழுவித் துடைப்பதா, எட்டி ஒரு பொருளைப் பிடிப்பதா என்று நோக்கத்தை முதலிலேயே பெற்றோருடன் பேசி முடிவு செய்துகொள்கிறேன். மடங்கிய கையில்தான் பையை மாட்டித் தூக்குகிறது, அதை ஊன்றித்தான் தவழ்கிறது என்றால், கட்டு இருக்கும் வாரங்களில் குழந்தை அதையும் இழக்கும் என்பதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

கடைசிக் கட்டை இரண்டாகப் பிளந்து, ஓரங்களை மெத்தையிட்டு, இரவில் அணியும் தாங்கியாக மாற்றித் தருவோம். பகலில் அந்தக் கைக்கு விளையாட்டிலும் சாப்பாட்டிலும் வேலை கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கோணம் மெல்லப் பழையபடி குறைந்துவிடும். உயரம் வேகமாகக் கூடும் வயதில் எலும்பு மீண்டும் தசையை முந்தும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அளவெடுக்க வாருங்கள். குறுக்கம் திரும்பியிருந்தால் இன்னொரு சுற்று கட்டுப் போடலாமா, எலும்பு மருத்துவரிடம் தசைநாண் அறுவை பற்றிக் கேட்கலாமா என்பதை அந்த அளவை வைத்தே பேச முடியும்.