டிஎச்டி கிராலர்: வேகம் எங்கே தொலைகிறது?

பிட்டொரண்ட் கோப்புப் பகிர்வில் மைய சர்வர் இல்லாமலே கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவுவது மெயின்லைன் டிஎச்டி வலைப்பின்னல். அதிலுள்ள கணினிகளை (நோடுகளை) ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியலிடும் நிரலான கிராலரை அதை அளக்க எழுதுபவர்கள், கிராலர் மெதுவாக ஓடினால் உடனே கூடுதல் சர்வர்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். நான் பார்த்தவரை இது பெரும்பாலும் வீண் செலவு. மெதுவான கிராலர் நேரத்தை விழுங்குவதோடு கணக்கையும் கெடுக்கிறது: ஆறு மணி நேரம் ஓடினால், காலையில் வெளியேறிய நோடும் மதியம் நுழைந்த நோடும் ஒரே பட்டியலில் இடம்பெற்று, வலைப்பின்னல் எந்த நொடியிலும் இருந்திராத அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

நேரம் பெரும்பாலும் காத்திருப்பில்தான் போகிறது. கிடைக்கும் முகவரிகளில் கணிசமானவை அணைந்துபோனவை அல்லது வீட்டு ரூட்டர்கள் செய்யும் முகவரி மாற்றத்துக்கு (NAT) பின்னால் இருப்பதால் எட்டாதவை. நொடிக்கு 5,000 கேள்விகள் அனுப்பி ஒவ்வொன்றுக்கும் 5 நொடி காத்திருந்தால் 25,000 கேள்விகள் நிலுவையில் நிற்கும். பதில் வரும் நேரங்களை அளந்து காலக்கெடுவை ஒரு நொடியாகக் குறைத்தால் அது 5,000 ஆகிவிடும். விடுபட்டவர்களுக்கு இறுதியில் ஒருமுறை மீண்டும் அனுப்பினால் போதும்.

அடுத்து, கேட்கும் விதம். ஓர் இலக்கு எண்ணைச் சொல்லி, அதற்கு நெருக்கமான நோடுகளைக் கேட்கும் ஃபைண்ட்-நோடு கேள்விக்கு வழக்கமாக 8 நோடுகள் வரை, தலா 26 பைட்டில், பதிலாக வரும். குருட்டாம்போக்கில் இலக்குகளைத் தேர்ந்தால் வந்த முகவரிகளே திரும்பத் திரும்ப வரும். எதிரில் உள்ள நோடின் 160 பிட் அடையாள எண்ணில் முதல் பிட்டை, பிறகு இரண்டாவதை, எனத் தனித்தனியாகப் புரட்டிக் கேட்டால் அது தனக்குத் தெரிந்த நோடுகளைத் தொலைவு வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பக்கெட்டையும் தொட்டுவிடலாம். புதிய முகவரி வருவது நின்றதும் அந்த நோடை விட்டுவிடலாம்.

இனிச் சொல்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. லினக்ஸில் இணைப்புகளைக் கண்காணிக்கும் கெர்னல் பகுதியான கான்ட்ராக் இயங்கினால், கிராலர் யூடிபி நெறிமுறையில் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பதிவு இயல்பாக 30 நொடி நிற்கும். மேற்சொன்ன வேகத்தில் அது 1,50,000 பதிவுகள். அட்டவணை நிரம்பினால் கெர்னல் பாக்கெட்டுகளைக் கைவிடும். வந்த பதில்கள் கிராலர் படிக்கும்வரை காத்திருக்கும் இடமான சாக்கெட்டின் பெறும் பஃபர் நிரம்பினாலும் அதே கதைதான். அப்போது உயிரோடுள்ள நோடுகள் இறந்தவையாகப் பதிவாகும். ஆகவே வேகத்தைக் கூட்டுமுன் கெர்னலின் யூடிபி பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். கிராலரின் போக்குவரத்துக்குக் கான்ட்ராக்கை விலக்கி, பஃபரைப் பெரிதாக்குங்கள்.

வேகமான கிராலர் பிறருக்குத் தொல்லையாகவும் கூடும். பிறர் கேள்விகளுக்குப் பதிலளிக்காத கிராலர், பிட்டொரண்டின் விதி ஆவணமான பெப் 43 வரையறுத்த 'படிக்க மட்டும்' குறியை ஒவ்வொரு கேள்வியிலும் இட வேண்டும். இல்லையேல் மற்றவர்கள் தமக்குத் தெரிந்த நோடுகளைக் குறித்து வைக்கும் ரூட்டிங் அட்டவணையில் அது பயனற்ற இடத்தை அடைத்துக்கொள்ளும். சேகரித்த ஐபி முகவரிகளை வெறுமனே ஹாஷ் செய்து (நேரடியாகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றி) வைத்தால் பாதுகாப்பு என்று நம்புவதும் தவறு: ஐபிவி4-இல் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே இருப்பதால், அனைத்தையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு சாதாரண கணினியே போதும். ரகசியச் சாவி சேர்த்து ஹாஷ் செய்து, அளவீடு முடிந்ததும் அந்தச் சாவியை அழித்துவிடுங்கள்.