பெடல் இறங்கினால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் மலைப்பாதையில் பிரேக் பெடல் தரையோடு போய், ஓட்டியவர் சமயோசிதமாக மண்மேட்டில் மோதி நிறுத்திய பழைய ராணுவ லாரி ஒன்று அண்மையில் எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. உரிமையாளர் ஏலத்தில் எடுத்த வண்டி அது. தோட்டத்திலிருந்து சுமை ஏற்றவும், ஓய்வு நேரத்தில் பழுது பார்த்து மகிழவும் வைத்திருக்கிறார். "போன வாரம்தான் நானே நாலு சக்கரத்துக்கும் பிரேக் டைட் பண்ணேன்" என்றார். இதே வாக்கியத்தை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்களைக் கழற்றிப் பார்த்தோம். வலப்பக்கப் பின் சக்கரத்தில் அச்சு ஹவுசிங்கின் எண்ணெய், சீலைத் தாண்டி வந்து, டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் பிரேக் ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங் முழுவதையும் நனைத்திருந்தது. விரலால் தொட்டால் கருப்பாக ஒட்டியது. இடப்பக்க டிரம்மின் உட்புறத்தில் இரும்பு வெந்து நீலம் பாரித்த புள்ளிகள் வட்டமாகத் தெரிந்தன. அந்தப் பக்க லைனிங் கண்ணாடி போல மின்னியது. முன் சக்கரம் ஒன்றில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ரப்பர் உறையை விலக்கியதும் பிரேக் ஆயில் சொட்டியது. இத்தனை கோளாறுகளையும் அவர் ஒரே ஸ்பேனரால், சரியாகச் சொன்னால் ஒரே திருகலால், சரிசெய்ய முயன்றிருக்கிறார்.

பிரேக் செட்டிங் என்பது லைனிங் தேய்ந்ததால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே கூடிய இடைவெளியைத் திருகாணியைத் திருப்பிக் குறைப்பது மட்டுமே. அது வேறெந்த வியாதிக்கும் மருந்தல்ல. பெடல் கீழே இறங்குகிறது என்றால் லைனிங் தேய்ந்திருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் உள்ளுக்குள்ளேயே ஆயிலைத் திருப்பி விடலாம், எங்கோ கசியலாம், வீல் பேரிங் லூசாகி டிரம்மே ஆடலாம். இவற்றில் முதலாவதற்கு மட்டுமே திருகாணி. மற்ற நான்கிலும் திருகாணியைத் திருப்பினால் பெடல் உயரும், கோளாறு அப்படியே இருக்கும். எச்சரிக்கை தர வேண்டிய பெடலின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம். பெடல் உயர்ந்துவிட்டதைப் பார்த்து நிம்மதியாக மலையிறங்குபவரை எண்ணித்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இதைச் சோதித்தறிவது கடினமன்று. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை அழுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே நழுவினால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் மேலேறிப் பஞ்சு போல மென்மையாக இருந்தால் காற்று. மிதித்தால் மேலேறி, மேலேறிய இடத்தில் கல்லாக நின்றால் மட்டுமே செட்டிங்கைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்பும் பேரிங்கைப் பார்த்தாக வேண்டும்: சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடும் சக்கரத்தில் செய்யும் செட்டிங் நிலைக்காது.

அதைவிட எரிச்சலூட்டுவது, "டைட்டாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும்" என்ற எண்ணம். இல்லை. ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருந்தால், நீங்கள் பெடலைத் தொடாதபோதும் அது சூடேறிக்கொண்டே இருக்கும். சூடு வீல் சிலிண்டர் வழியாக ஆயிலுக்கு ஏறும். நம் கடைகளில் கிடைக்கும் டாட் 3 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், அதில் 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 டிகிரியாகச் சரிந்துவிடும். இந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டியில் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் உண்டாவது ஆவி. ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது சுருங்குமே தவிரச் சக்கரத்தைப் பிடிக்காது. அஞ்செட்டி வண்டியில் நடந்தது இதுதான். அரை மணி நேரம் நின்று ஆறிய பிறகு பெடல் மீண்டும் வந்துவிட்டதாக அவரே சொன்னார்; "அப்போ பிரேக் நல்லாத்தானே இருக்கு?" என்றும் கேட்டார்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்பதற்காக, நன்றாகப் பிடிக்கும் இடச் சக்கரத்தை லூசாக்கிச் "சமன்" செய்பவர்கள். எண்ணெயில் ஊறிய வலச் சக்கரத்தின் நிலைக்கு, ஒழுங்காக வேலை செய்யும் சக்கரத்தையும் இறக்குவது என்ன கணக்கு? வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய ராணுவ வண்டிகளுக்கென்றே உள்ள சில சங்கதிகளைச் சொல்கிறேன், ஏனென்றால் சாதாரண லாரியில் கைப்பழக்கம் உள்ளவர்களும் இங்கேதான் தவறுகிறார்கள். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமான் ஆகட்டும், நிசான் பேட்ரோலை அடியொற்றி அங்கேயே உருவான ஜோங்கா ஆகட்டும், இவை இன்றைய வண்டிகளின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பரவலாவதற்கு முந்தைய வடிவமைப்புகள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். இன்றைய வண்டிகளைப் போல முன்னோ பின்னோ ஒன்று மிஞ்சுவதில்லை.

கை பிரேக் விஷயம் இதைவிட ஆபத்தானது. பழைய ஜீப் குடும்பத்திலும் ஜோங்காவிலும் இன்னும் பல பழைய ராணுவ வண்டிகளிலும் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டில் உள்ள ஒரு டிரம்மை மட்டும் பிடிக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை வண்டி அசையாது. செட்டிங் செய்வதற்காக ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும், இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும்: தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் மறுதிசையில் தாராளமாக உருளும். கை பிரேக்கை முழுவதும் இழுத்துப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் வண்டிக்கு அடியில் தலையை நீட்டியவர் அப்போது எங்கே இருப்பார்? கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான், கியரும் அதே ஷாஃப்ட் வழியாகத்தானே பிடிக்கிறது! முன் அச்சையும் இணைத்துவிட்டால் ஓரளவு பிடிக்கும். ஆனால் அதை நம்பி அடியில் போகாதீர்கள்.

எனவே சமதளம். வாசலில் சாய்வாகப் போட்ட சிமெண்ட் தளம் சமதளமல்ல. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கனமான மரக்கட்டையை அண்டை கொடுங்கள். நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் கிரானைட் துண்டுகளை அடுக்கி அதன்மேல் ஹவுசிங்கை உட்கார வைக்கும் பழக்கம் உண்டு. வழுவழுப்பான கல்லின்மேல் எண்ணெய் படிந்த இரும்பு எப்படி நிற்கும்? ஹாலோ பிளாக் செங்கலைத் தாங்கலாக வைப்பவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, அது எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு வண்டியின் எடைக்கேற்ற இரும்பு ஸ்டாண்டு வேண்டும். அது இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை.

டிரம்மைத் திறக்கச் சக்கரத்தைக் கழற்றுபவர்கள் நட்டைத் தொடுமுன் நின்று பாருங்கள். ராணுவ வண்டிகள் சிலவற்றில் ரிம் ஒரே துண்டு அல்ல. இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்த ரிம். சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் நட்டுகள் ஒரு வரிசை, ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் மற்றொரு வரிசை. பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் இந்த இரண்டாவது வரிசைக்குச் சிவப்பு வண்ணம் அடித்து வைத்தார்கள், காற்று நிரம்பிய டயரில் அதை யாரும் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக. கைமாறிக் கைமாறி வண்ணம் பூசப்பட்ட வண்டியில் அந்தச் சிவப்பு எங்கே மிஞ்சியிருக்கும்? சந்தேகம் இருந்தால் முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இன்னொன்று: பழைய வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை. வலப்பக்கம் போலவே திருப்பி, வரவில்லையென்று ஸ்பேனரில் குழாயை மாட்டி மேலும் முறுக்கி, போல்ட்டை ஒடித்துக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

செட்டிங் செய்யும் முறை என்னவோ எளிது. டிரம் ஆறியிருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே திருகாணியைத் திருப்பிச் சக்கரம் நின்றதும், தடையில்லாமல் சுழலும்வரை பின்னால் தளர்த்துங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு. ஒரு சக்கரத்தில் இரண்டு திருகாணி இருந்தால் ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியாகச் செய்யுங்கள். நடுவில் பெடலை நன்றாக மிதித்து ஷூவை இடத்தில் உட்கார வைத்து, மறுபடியும் சரிபாருங்கள். திருகாணி துருவேறி நகராவிட்டால் சுத்தியலால் தட்டி வென்றுவிடாதீர்கள்; அது திறந்து பார்க்க வேண்டிய டிரம் என்பதற்கான அறிகுறி.

காற்று பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். "மீட்டரில் காற்று முழுசா இருக்கு" என்பது தொட்டியில் காற்று இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. அந்தக் காற்று ஷூவை டிரம்மோடு அழுத்துகிறதா என்பதைச் காற்றழுத்தத்தை வாங்கி ஷூவைத் தள்ளவைக்கும் சேம்பரிலிருந்து வெளிவரும் ராடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதே சொல்லும். சாதாரண 30ஆம் எண் சேம்பரில் அந்த நகர்வு 2 அங்குலத்தை, அதாவது 51 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டறையில் குளிர்ந்த டிரம்மில் சரியாக எல்லையில் நிற்கும் வண்டி, தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது சூட்டில் டிரம் விரிந்து எல்லையை மீறிவிடும். மீட்டர் அப்போதும் முழுசாகத்தான் காட்டும். அந்த ராடின் நகர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் கையால் திருப்பும் வகையாக இருந்தால், அதன் பூட்டு வளையத்தை அழுத்தி, லைனிங் தொடும்வரை திருப்பி, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்குங்கள். திருப்பும்போது ஷூக்களை விரிக்கும் எஸ்-கேம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். தவறான திசையில் திருப்பினால் ஷூ டிரம்மிலிருந்து மேலும் விலகிவிடும். தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டராக இருந்தால் கையால் திருகிச் சரிசெய்வது நோயை மறைப்பதாகும். அது தானாகச் செட் ஆகவில்லையென்றால் அது கெட்டிருக்கிறது அல்லது அடிப்படையில் வேறு கோளாறு இருக்கிறது.

தூசி பற்றித் தனியாகக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. கம்ப்ரஸர் காற்றை வைத்து டிரம்மை ஊதினால் அந்த நுண்துகள் முற்றம் முழுவதும் பரவும். துணி துவைக்கும் தாய்மார்களும் விளையாடும் பிள்ளைகளும் அதைச் சுவாசிப்பார்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ வேண்டாம், அவை ஊதி வாய் பிளந்துவிடும். ஆயில் குறைந்ததற்காக இன்ஜின் ஆயிலை ஊற்றி வந்த வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ரப்பர் வைத்த ஒவ்வோர் உதிரியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

முடித்த பிறகு நேரே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டு போய்ச் சூட்டை உணருங்கள், தொட வேண்டாம். ஒரு டிரம் மட்டும் கொதித்தால் அது உரசுகிறது. ஆறட்டும், தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆறியபின் அந்தச் சக்கரத்தைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்திய பின்பும் அதே சக்கரம் சூடாகிறது என்றால் செட்டிங்கை விட்டுவிட்டு ஹோஸைப் பாருங்கள்: பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி, மிதிக்கும்போது ஆயிலைப் போகவிட்டுப் பெடலை விட்டபின் திரும்ப வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில், சக்கரத்தில் காற்றை வெளியேற்றுவதற்கென உள்ள பிளீடர் நிப்பிளைச் சற்றுத் திறந்ததும் சக்கரம் சட்டென்று விடுபட்டால், கோளாறு ஹோஸிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. ஏலத்தில் எடுத்த பழைய வண்டியாக இருந்தால் அந்த ஒன்றை மட்டுமல்லாமல் எல்லா ஹோஸ்களையும் ஒருசேர மாற்றிவிடுங்கள்.