சொல் விளக்கம்: ஐயவீச்சு

கிளிநொச்சியில், கரைச்சிப் பிரதேச சபை எல்லைக்குள், ஏ9 வீதியோரத்துக்கு ஓர் இரைச்சல் வரைபடம் கீறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டு வாசலில் மீற்றர் 57 டெசிபல் காட்டுகிறது. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதிக்குப் பகல் வரம்பு 55. சரி, மீறியாயிற்று, சிவப்புத் தீட்டலாமா? அந்த 57க்குப் பின்னால் ±3 என்று ஒரு வால் இருந்தால் உண்மை அளவு 54ஆகவும் இருக்கலாம், 60ஆகவும் இருக்கலாம். அந்த வாலைத்தான் ஆங்கிலத்தில் ‘அன்சேட்டன்ரி’ என்கிறார்கள்.

அதன் வேர் இலத்தீன் மொழியில் ‘கெர்னெரே’. அரித்தல், பிரித்தெடுத்தல் என்று பொருள். நம் அடுப்படி அரிதட்டில் மா அரிக்கிறோமே, அதே வேலைதான். கப்பியும் மாவும் இன்னும் பிரியாமல் கிடக்கும் நிலை என்று கொண்டால் சொல் பிடிபட்டுவிடும்.

இதை வழு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது வேறு. பள்ளிக்கூடத்தில் படித்த பூச்சிய வழு எவ்வளவு என்று தெரியும், கழித்துவிடலாம். இதைக் கழிக்க முடியாது.

இரைச்சலில் இது எங்கிருந்து வருகிறது? மீற்றரிலிருந்து கொஞ்சம்தான். காலபோக அறுவடை நேரம் நெல் லொறிகளும் உழவு இயந்திரங்களும் வீதியை நிறைக்கும். வாகனத் தொகை இரட்டித்தால் மற்றதெல்லாம் மாறாமலே 3 டெசிபல் கூடும். எந்த மாதத்துக் கணக்கை வரைபடத்துக்குக் கொடுத்தோம்? அப்புறம் காற்று. ஏ9 தெற்கு வடக்காக ஓடுவதால், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது கிழக்குப் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கூடுதலாகப் போகும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசும் நாளில் அதே வாசலில் வேறு எண். இதற்கும் மேலாக, அளந்த இரண்டு இடங்களுக்கு நடுவே தீட்டிய நிறம் முழுக்கக் கணிப்புத்தான்.

தமிழில் ‘நிச்சயமின்மை’ பரவலாகப் புழங்குகிறது. வடமொழி வேர் என்பது எனக்குப் பெரிய குறையில்லை. கல்யாணம் நிச்சயமாகாத மாதிரித் தொனிப்பதுதான் இடறுகிறது. ‘உறுதியின்மை’ என்றால் ஆடுகிற சுவர் ஞாபகம் வருகிறது. வெறும் ‘ஐயம்’ ஆளின் மனதில் இருப்பது, எண்ணோடு ஒட்டாது. நம் கணிதப் பாடத்தில் வீச்சு என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. ஆகவே நான் ‘ஐயவீச்சு’ என்று எழுதுகிறேன்: அளவு 57, ஐயவீச்சு 54 முதல் 60 வரை. நூற்றுக்கு 95 பங்கு நம்பிக்கையோடு சொல்வது வழக்கம், அதையும் பக்கத்தில் குறித்துவிட வேண்டும்.

ஐயவீச்சு 55ஐக் குறுக்கறுத்துப் போகும் வீடுகளுக்கு நான் சிவப்புத் தீட்டமாட்டேன். சாய்கோடு போட்டுவிட்டு, கச்சான் காலத்தில் இன்னொரு தடவை அளக்கப் போவேன்.