ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

"எனக்குப் பார்வையில ஒரு குறையும் இல்ல. பேத்தி வற்புறுத்துனா, அதான் வந்தேன்." காரைக்குடியில் கண் மருத்துவராக இருக்கும் எனக்கு அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே எல்லாம் தெரிவதாகத்தான் படுகிறது. ஆனால் சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால், சிலருக்கு ஒரு கண்ணின் பார்வைப் பரப்பில் பாதி போயிருக்கும். "பாதிப் பார்வை போனது ஒரு மனுசனுக்குத் தெரியாம இருக்குமா?" என்று கூட வந்தவர்கள் கேட்பார்கள். இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் மாயத்தோற்றப் படங்கள் நம்மை ஏமாற்றுவது எதனாலோ, இவர்களுக்கு இருக்கும் கிளாக்கோமா என்ற நோய் ஒளிந்துகொள்வதும் அதனால்தான்.

பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதே கோட்டில் வலதுபுறம் 8 செ.மீ. தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்க வேண்டும். தாளை முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் புள்ளி மறைந்துவிடும்.

புள்ளி மறைந்ததைவிட முக்கியமானது, அந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது என்பது. ஓட்டை இல்லை, கறுப்பு இல்லை. நோட்டின் கோடுகள் அறுபடாமல் அதன் வழியே ஓடுகின்றன. புள்ளியின் பிம்பம் அப்போது விழுவது, கண்ணுக்குள் பின்புறம் இருக்கும் விழித்திரையின் நரம்பு இழைகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு கண்ணைவிட்டு வெளியேறும் வாசலில். அங்கே ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. பிரான்சு நாட்டு விஞ்ஞானி எட்மே மரியோத் 1660களில் இதைக் கண்டுபிடித்தார். அதுவரை மனிதகுலம் முழுவதும், ஒவ்வொரு கண்ணிலும் பத்து முழுநிலவுகளை வரிசையாக வைக்கிற அகலத்துக்கு ஒரு குருட்டிடத்தை வைத்துக்கொண்டு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை? நாம் பார்ப்பது கண் அனுப்பும் படத்தை அல்ல என்பதால்தான். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறத்தாழ 12 கோடி இருக்கின்றன. மூளைக்குப் போகும் நரம்பிலோ 10 முதல் 12 லட்சம் இழைகள்தான். அவ்வளவு செய்தியும் சுருங்கித்தான் போயாக வேண்டும். துல்லியமாகப் பார்க்கிற பகுதியும் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால், ஏறக்குறைய அந்த அளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சின்னப் பகுதியை அங்கும் இங்கும் திருப்பிக் காட்சியைச் சேகரிக்க, கண் ஒரு விநாடிக்கு மூன்று முறை போலத் தாவுகிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதே இல்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த அரைகுறைச் செய்தியிலிருந்து முழுக்காட்சியை எழுதுகிறது மூளை. பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர், விட்டுப்போன வரவை நேற்றைய வரவையும் அக்கம்பக்கத்துப் பற்றையும் பார்த்துத் தானே எழுதி, பேரேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு எது வந்த தொகை, எது ஊகித்த தொகை என்று பிரிக்கவே முடியாது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: பார்ப்பது என்பது நமக்குத் தெரியாமலே நடக்கும் ஓர் அனுமானம்.

இந்த அனுமானத்தைப் பார்க்க நம் ஊர் வீடுகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முகப்பில் நின்று பார்த்தால் பட்டாலை, நடு முற்றமான வளவு, இரண்டாம் கட்டு என்று கதவு நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்தெரு வாசல்வரை போகின்றன. அந்தக் கடைசி நிலையில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அவர் வழக்கமான ஆளாகத்தான் தெரிவார். இப்போது ஒரு கண்ணை மூடி, நீட்டிய கையின் விரலால் அவரை அளந்து பாருங்கள். விரல் நீளம்கூட வரமாட்டார். விழித்திரையில் விழும் அவருடைய பிம்பம், முகப்பில் நிற்பவரின் பிம்பத்தில் சின்னஞ்சிறு பங்குதான். சுருங்கிக்கொண்டே போகும் நிலைகளிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, ஆளின் உயரத்தை மூளை மீட்டுக் கொடுக்கிறது. காகிதத்தில் மேலே போகப் போக நெருங்கும் வெறும் இரண்டு சாய்கோடுகளைப் போட்டு, அவற்றுக்கிடையே சம அளவில் இரண்டு குறுக்குக்கோடுகளை வரைந்தால், மேலே இருப்பது நீளமாகத் தெரியும் அல்லவா? போன்ஸோ மாயத்தோற்றம் என்பார்கள். அதே கணக்கைத்தான் மூளை அங்கேயும் போடுகிறது. தூரம் இல்லாத இடத்தில் தூரத்தைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உச்சிவேளையில் வளவுக்கு வாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம்; நேர் வெயிலில் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். உள்ளே அறையில் சில நூறுதான். வெயில் படும் கறுப்புக் கல் தன்மேல் விழுவதில் நூற்றில் ஐந்து பங்கைத் திருப்பி அனுப்பினாலே 5,000 வந்துவிடும். அறைக்குள் இருக்கும் வெள்ளைக் கல் நூற்றில் எண்பதை அனுப்பினாலும் அதன் பக்கத்தில் நெருங்காது. ஆக, கண்ணுக்குள் அதிக ஒளியை அனுப்புவது கறுப்புக் கல். ஆனால் யாராவது வெயிலில் கிடக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் கறுப்பை வெள்ளை என்று சொல்லியிருக்கிறோமா? நிழல் எது, நிறம் எது என்று மூளை பிரித்தெடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் பார்வை ஆய்வாளர் எட்வர்டு அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் இதை வைத்துத்தான் நம்மைத் திகைக்க வைக்கிறது. பலகைமேல் ஓர் உருளை நிழல் விழுத்துகிறது. நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் கண்ணுக்கு வேறாகவே படும்.

தேக்குக் கதவின் பித்தளைக் குமிழ்களை மேலிருந்து வெளிச்சம் விழும்போது போனில் படம் எடுத்து, படத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். குமிழ் குழியாகத் தெரியும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்பது சூரியனுக்குக் கீழ் வாழும் மூளையின் தீர்மானம்.

மாயத்தோற்றங்களைக் கண்ணின் பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. நிழலிலும் வெயிலிலும் தூரத்திலும் பக்கத்திலும் பொருளை அது இருக்கிறபடி நமக்குக் கொடுக்கிற அருமையான வேலை அது. அந்த வேலை நோய் வந்த கண்ணிலும் நிற்காமல் நடக்கிறது என்பதுதான் என் கவலை.

கண் நீர் அழுத்த நோய் என்கிற கிளாக்கோமாவில் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். பக்கவாட்டில் விழுகிற ஓட்டைகளை, நோட்டுத்தாளில் செய்ததைப் போலவே, மூளை சுற்றியிருப்பதை வைத்து மெழுகிவிடுகிறது. ஒரு கண் விட்டதை மறு கண்ணும் ஈடுகட்டும். லண்டனில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கிளாக்கோமா உள்ள 50 பேரிடம் பல படங்களைக் காட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். சுற்றிலும் கறுப்பாக, நடுவில் குகைவழிபோலத் தெரியும் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. கால்வாசிப் பேர் தங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள். நம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் இன்னும் அந்தக் கறுப்புக் குகைப் படத்தைத்தான் மாட்டி வைத்திருக்கிறோம். அதைப் பார்க்கிறவர், 'எனக்குக் கறுப்பா ஒண்ணும் தெரியலையே' என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவார். அந்தப் படங்களைக் கழற்ற வேண்டும் என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லி வருகிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா வந்தார். தெருவில் இடப்பக்கமிருந்து பைக்குகள் 'திடீர்னு முளைக்குது' என்றார். "இந்தக் காலத்துப் பயலுக ஓட்டுற வேகம் அப்படி, டாக்டரம்மா. நீங்க என்னமோ கண்ணுங்கிறிய." அவர் சொன்ன அந்த 'முளைக்குது' என்ற பேச்சை வைத்தே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்பாராமல் ஆள் முளைப்பது, கதவு நிலையில் தோள் இடிப்பது, சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவது – கிளாக்கோமா இப்படித்தான் பேசும். இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் வெகுதூரம் போயிருந்தது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றுகிறது. போனதைத் திருப்பித் தர இன்றைக்கு மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. அவருடைய தம்பி, தங்கை, பிள்ளைகள் எல்லாரையும் வரச் சொன்னேன். உடன்பிறந்தவருக்கு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கண் உறுத்தலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. போட்டவுடன் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி இதே நோய் வந்துவிடும், பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூட.

பிள்ளைகள் விஷயத்தில் மூளை இன்னும் கடுமையாக நடந்துகொள்கிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்தால், அந்தக் கண்ணின் மங்கலான படத்தை மூளை ஒதுக்கி வைத்துவிடும். வளரும் வயதில் ஒதுக்கியது ஒதுக்கியதாகவே நின்றுவிடும். சோம்பேறிக் கண் என்கிறோம். நல்ல கண் ஒன்று இருப்பதால் பிள்ளை எதுவும் சொல்லாது. இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே அதற்குத் தெரியாது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்துவைத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது கூடக் கூடச் சிரமம்.

கண்புரைக்கும் நம் வீடுகளுக்கும் ஒரு தனிச் சண்டை இருக்கிறது. புரை விழுந்த கண்ணில் எழுத்து மங்குவதற்கு முன்பே ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு தேய்கிறது. வளவைச் சுற்றிய படியிலும் கீழே தரையிலும் ஒரே பூக்கல் பதித்திருந்தால், படியின் விளிம்பு கண்ணுக்குக் கிடைக்காது. மூளை அதைச் சமதரையாக எழுதிவிடும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் வந்தால் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். இடுப்பு உடைந்து படுப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு படியில் விழுந்தவர்கள் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். படி விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ பெயின்ட் அடியுங்கள். பழைய கல்லின் அழகு கெடுகிறது என்று மனம் ஒப்பாதவர்கள் ஒட்டும் பட்டையாவது ஒட்டுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் ஒரே கண்ணாடியில் போட்டிருப்பவர்கள் படியிறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்ப்பார்கள்; அது படிப்பதற்கான பவர், படி கலங்கித் தெரியும். தலையை நன்றாகக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே புதைந்துபோவது. கண் வெகுவாகக் குறைந்த ஓர் ஆச்சி, மகள் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வளவுல சின்னப்பிள்ளைக ஓடுதுக, டாக்டரம்மா. பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு. ஒண்ணும் பேச மாட்டேங்குதுக. நெசமில்லைன்னு எனக்கே தெரியுது. வீட்டுல சொன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாக." பேயும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை. கண்ணிலிருந்து செய்தி வருவது நின்றுபோனதும், மூளை தன் கையிருப்பிலிருந்து காட்சிகளை எடுத்துப் போடுகிறது. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல் போனே, பார்வை குறைந்த தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760இல் எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே இதை அழைக்கிறோம். உருவங்கள் பேசுவதில்லை என்பதும், அவை நிஜமல்ல என்று பார்ப்பவருக்கே தெரிவதும் முக்கிய அடையாளங்கள். நல்ல விளக்கைப் போட்டாலோ, கண்ணை இப்படியும் அப்படியும் வேகமாக நகர்த்தினாலோ பலருக்குக் கலைந்துவிடும். அந்த ஆச்சிக்கு விளக்கிச் சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது. குரலும் கேட்கிறது, நிஜம் என்றே நம்புகிறார் என்றால் அது வேறு விஷயம்; அதற்கு வேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை, பத்தடி தள்ளி நின்று தினசரிக் காலண்டரைப் பாருங்கள். முதலில் ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி. பிள்ளைகளுக்கும் விளையாட்டாகச் செய்யுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை அழுதாலோ கையைத் தட்டிவிட்டாலோ உடனே காட்டுங்கள். இதில் புரையும், பவர் குறைபாடும், நடுவிழித்திரை நோயும் பிடிபடலாம். கிளாக்கோமா பிடிபடாது. அதற்கு நாற்பது வயதிலிருந்து கண் மருத்துவரிடம் போய், அழுத்தத்தோடு நரம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுபவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை சில. திடீரென்று மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது – விழித்திரை கிழிந்திருக்கலாம். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பார்வை சட்டென்று காணாமல் போனால் அது மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டதாக இருக்கலாம். அப்போது கண் மருத்துவரைத் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு, 108ஐக் கூப்பிட்டாவது, போங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், வீட்டில் விசேஷம் நடந்தாலும் அன்றைக்கே.