அன்று பிடித்த படம் இன்று ஏன் சப்பென்று இருக்கிறது?

திருநெல்வேலிச் சீமையில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு படத்தின் பேரைச் சொல்வார்கள். ஜங்ஷன் பூர்ணகலாவிலோ டவுன் ரத்னாவிலோ அடித்துப் பிடித்து டிக்கெட் எடுத்துப் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் அம்மன் கோயில் கொடையில், தெருவை மறித்துத் திரை கட்டிப் போட்டதைப் பாய் விரித்துப் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு படம் இனி வராது என்று வருஷக்கணக்கில் சொல்லியும் வந்திருப்பார்கள். அதே படத்தை இன்று வீட்டு டிவியில் போட்டால் அரை மணி நேரத்தில் கை போனைத் தேடுகிறது. படம் அதேதான். பிறகு எது மாறியது?

வயசாகிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், மூளை ஒரு படத்தை எப்படி எடுத்து வைத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர், சின்ன வயதில் பார்த்த ஒரு சண்டைக் காட்சியை மகளிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். நட்டநடு ராத்திரி, கொட்டுகிற மழை, பாலத்தின் மேல் பத்து நிமிஷம் நடக்கும் சண்டை. பொங்கல் லீவில் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்துப் போட்டார். "எப்பா, சண்டை எப்பம்ப்பா வரும்?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "பொறும்மா, இந்தா வந்துரும்." வந்தது. பட்டப்பகல். மழை இல்லை. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. "இது வேற பிரிண்டு போல, வெட்டிட்டானுவ" என்றார் அண்ணாச்சி.

யாரும் வெட்டவில்லை. அவர் மனசுதான் இத்தனை வருஷமும் அந்தக் காட்சியை வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் உளவியல் ஆராய்ச்சி செய்த ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து நாள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது. சொல்பவருக்குப் பழக்கமில்லாதவை பழகியவையாக மாறின: கடல்நாய் வேட்டை வெறும் மீன்பிடிப்பு ஆனது, மரத்தோணி சாதாரணப் படகு ஆனது. மாற்றிச் சொல்கிறோம் என்ற உணர்வே சொன்னவர்களுக்கு இல்லை. நினைவு என்பது எடுத்து வைத்த படச்சுருள் அல்ல. ஒவ்வொரு முறையும் கிடைத்த துண்டுகளை வைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்வது. அண்ணாச்சியின் மழை வேறொரு படத்திலிருந்து வந்திருக்கலாம். படம் விட்டு வீடு திரும்பிய ராத்திரி பெய்த மழையாகக்கூட இருக்கலாம்.

சரி, துண்டுகள் என்றால் எந்தத் துண்டுகள்? பார்பரா ஃபிரெட்ரிக்ஸன், டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது, ஏனென்றால் அவர்கள் சோதித்ததே படத்துண்டுகளை வைத்துத்தான். இனிமையானவை, முகம் சுளிக்க வைப்பவை என இரண்டு வகை; ஒவ்வொன்றிலும் நீளமானது, குட்டையானது. பார்க்கும்போதே ஒவ்வொரு கணமும் எப்படி இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். முடிந்தபின் மொத்தமாக எப்படி இருந்தது என்றும் கேட்டார்கள். மொத்த மதிப்பீட்டில் நீளத்துக்குப் பெரிதாக இடமே இல்லை. உச்சத்தில் இருந்த கணமும் கடைசிக் கணமும்தான் பெரும்பாலும் தீர்ப்பை எழுதின.

இதை இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இடைவேளைக்கு முந்தைய திருப்பம், ஒரு சண்டை, ஒரு அழுகை, கிளைமாக்ஸ். எல்லாம் சேர்த்தால் இருபது நிமிஷம் வரும். நாம் முப்பது வருஷம் கொண்டாடியது அந்த இருபது நிமிஷத்தை. திரும்பப் பார்க்கும்போது மிச்சம் இரண்டு மணி நேரமும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் பக்கத்தில் வானொலியும் இதற்குத் துணைபோனது என்பது என் எண்ணம். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. இலங்கை வானொலி இங்கே கணீரென்று கேட்கும். படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பாட்டுகள் டீக்கடையிலும் கொடைப் பந்தல் ரேடியோ செட்டிலும் ஓடிக்கொண்டே இருந்தன. ஒலிச்சித்திரம் என்று ஒன்று போடுவார்கள்: முழுப்படத்தை ஒரு மணி நேர வசனமாகச் சுருக்கி, தொய்வான இடங்களையெல்லாம் நீக்கியது. அடிக்கடி கேட்ட பகுதி நினைவில் உறுதிப்படும், கேட்காத பகுதி தேயும். ஆக நல்ல இடங்களுக்கு மட்டும் வருஷம் முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. பாட்டுகள் இன்றும் ஏமாற்றுவதில்லை, படம்தான் ஏமாற்றுகிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் உணர்ச்சிகள். மனதில் கசப்பு சீக்கிரம் மங்கும், இனிப்பு நின்று மங்கும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அன்று தரை டிக்கெட்டில் கிடைத்த நெரிசலும் மூட்டைப்பூச்சிக் கடியும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்த நடையும் இப்போது எரிச்சலாக நினைவில் இல்லை. அந்த வயதும் அப்படிப்பட்டது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால், 10 வயதுக்கும் 30க்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள்தான் அளவுக்கு மீறிக் குவிகின்றன. முதல் நண்பன், முதல் காதல், முதல் சம்பளம், அந்தப் படம், எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன.

கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டதால்தான் சப்பென்று இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கலிபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் செய்த ஆய்வில், முடிவை முன்பே சொல்லிக் கொடுத்த சிறுகதைகளை வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். குழி பறிப்பது கதை தெரிந்திருப்பது அல்ல, எதிர்பார்ப்பு. நரம்பியல் ஆராய்ச்சியாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களை, அதாவது பரிசை எதிர்பார்ப்பதோடு தொடர்புள்ள செல்களை, அளந்தபோது, எதிர்பாராமல் கிடைத்த பழச்சாறுக்குச் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் விளக்குக்கே துள்ளின, சாறுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. அண்ணாச்சி மகளிடம் பத்து வருஷமாக எரியவிட்டது அந்த விளக்கைத்தான்.

பழைய படத்தை நாம் முழுதாகப் பார்க்கிறோமா என்பதும் ஒரு கேள்வி. சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. பழைய டிவியின் அகலம் 1.33 மடங்குதான். அந்தத் திரையை நிரப்ப இரு பக்கமும் வெட்டினால் படத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடும். அப்படி வெட்டிய பிரதிகள்தான் பல வருஷம் கேசட்டிலும் டிவியிலும் சுற்றின.

இவை எதுவும் சமாதானம் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை விரட்டி விரட்டிப் பின்தொடரும் நாயகன், அவளைக் கன்னத்தில் அறைந்ததும் தியேட்டரில் எழுந்த விசில். பன்னிரண்டு வயதில் அது தப்பு என்று தெரியவில்லை. இன்று கூசுகிறது. அந்தக் கூச்சம் நினைவின் கோளாறு அல்ல, படத்தின் கோளாறு. அதை நான் பூசி மெழுக மாட்டேன்.

நகைச்சுவைக் காட்சி விழுந்துபோவதற்கு மட்டும் எளிய பரிகாரம் இருக்கிறது. சிரிப்பை வருஷக்கணக்கில் ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், தனியே இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். கொடையில் ஒரு தெருவே சேர்ந்து பார்த்த காட்சியை, ராத்திரி பதினொரு மணிக்குக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்? மச்சினன், மதினி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஆளைச் சேர்த்துக்கொண்டு போடுங்கள். போடுவதற்கு முன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை புகழாதீர்கள்.