பூட்டிக் கிடந்த வீட்டில் புகைவாடை

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகள் பல உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள், பெரியவர்கள் காலமாகியிருப்பார்கள். அடுப்பு எரிந்து வருடக்கணக்கானாலும், ஆனி மழை பிடித்ததும் உள்ளே புகைவாடை எழும். சன்னலைத் திறந்து போட்டால் போய்விடும் என்பார்கள். போகாது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்றையே உள்ளே திருப்பிவிட்டாலும், அது அறைக்காற்றில் கலந்ததைத்தான் கொண்டுபோகும். வாடையின் சேமிப்பு இருப்பது சுவரில்.

மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். ரப்பர் விறகும் சிரட்டையும் சரியாக எரியாமல் புகையும்போது லிக்னின் உடைந்து, குவையகால், கிரெசால் போன்ற, புகைவாடை தரும் பீனால் வகைப் பொருள்கள் பிறக்கின்றன. அவை சூட்டோடு மேலே போய், குளிர்ந்த சுவரிலும் உத்தரத்திலும் கரித்துகளோடு சேர்ந்து தாராகப் படிகின்றன. சுண்ணாம்புப் பூச்சு முழுக்க நுண்துளை. தார் உள்ளே இறங்கிவிடும். ஈரப்பதம் ஏறும்போது நீர் மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் இடம்பிடித்து, ஒட்டியிருந்த பீனால்களை வெளியே தள்ளுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெறும் மாவட்டத்தில் இது வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். சிலர் சாம்பிராணி போடுவார்கள். அதுவும் புகைதானே!

முதலில் ஈரத்துணியைத் தொடாதீர்கள். கரி தண்ணீரோடு குழைந்து இன்னும் ஆழமாக இறங்கும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு. லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார்.

அப்புறம்தான் வேதியியல். பீனால் ஒரு மெல்லிய அமிலம். போதுமான காரம் (அமிலத்துக்கு எதிரான பொருள்) பட்டால் அது உப்பாக மாறும். உப்பு ஆவியாகாது, தண்ணீரில் கரையும். ஆப்ப சோடா இதற்குப் போதாது. அதன் கரைசலின் பிஎச் (காரத்தைக் காட்டும் அளவு) சுமார் 8.3, பீனாலை மாற்ற 10-க்கு மேல் வேண்டும். வாஷிங் சோடா 11-ஐத் தொடும். வெந்நீரில் அதையும் கொஞ்சம் சோப்புத்தூளையும் கரைத்து, சுவரைக் கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரால் ஒற்றி எடுப்பது கட்டாயம். உப்பைச் சுவரிலேயே விட்டால், காற்றிலுள்ள கரியமில வாயு அதை மறுபடி பீனாலாக்கிவிடும்.

கழுவாமல் வெள்ளையடித்தால் வாடை கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வருவதற்கும் இதுதான் காரணம். புதுச் சுண்ணாம்பு கடும் காரம், பீனாலைப் பிடித்து வைக்கும். கரியமில வாயுவை உறிஞ்சி அது கல்லாக இறுகியதும் பிடி விட்டுப்போகும்.

பீடிப் புகை வேறு கதை. நிக்கோட்டின் காரம் என்பதால் சோடா அதை ஆவியாகத்தான் தூண்டும். அங்கே நீர்த்த வினிகர் உதவும். ஆனால் கதவு, அலமாரியில் மட்டும். சுண்ணாம்புச் சுவரை அமிலம் அரித்துவிடும்.

வாடையை உறிஞ்ச சிரட்டைக்கரியை மூலையில் வைக்கலாமா? பூட்டிய அலமாரிக்குள் சரி. பெரிய அறையில் காற்று அதன் மேல் ஓடினால்தானே பிடிக்கும்? கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு என்று சொல்லப்படுவது, அதே சிரட்டையிலிருந்து ஆலையில் செய்யும் கிளர்வுற்ற கரிக்குத்தான் (ஆக்டிவேட்டட் கார்பன்); அடுப்புக்கரிக்கு அவ்வளவு கிடையாது.

மரத்தில் சோடா வேண்டாம், தேக்கும் பலாவும் கருத்துப்போகும். சமையலறை உத்தரத்தை நானாக இருந்தால் உலரத் தட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். ரப்பர் ஷீட்டில் பூஞ்சை வராமலிருக்கப் புகைபோடுகிறோமே, அதே பீனால்கள் அந்த மரத்தையும் காக்கின்றன. படுக்கையறை மச்சு என்றால் மென்சோப்பால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் பிரெஞ்சு பாலிஷ் இரண்டு கோட் கொடுக்கலாம். அதிலுள்ள அரக்கு, மிச்சத் தாரை உள்ளேயே அடைத்துவிடும். நீரில் கரைக்கும் பெயின்ட் என்றால் மஞ்சள் கறை மேலே ஊறி வந்துவிடும்.