மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் மரங்களுக்கு நடுவே நடங்கள்

"வேலையெல்லாம் செஞ்சுடுறேன் டாக்டர். ஆனா மண்டைக்குள்ள ஒரே விஷயம் ஓடிக்கிட்டே இருக்கு." மனச்சோர்வோடு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்பது இதைத்தான். சொத்து பிரிக்கும்போது அண்ணன் சொன்ன ஒரு சொல், எல்லார் முன்னாலும் மேலதிகாரி கேட்ட கேள்வி, கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தது. நடந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ராத்திரி படுத்ததும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். தூக்கம் கெடும், பசி போகும், மறுநாள் சோர்வு கூடும்.

இதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் கொடுக்கிறோம். கூடவே, மரங்கள் அடர்ந்த இடத்தில் நடக்கவும் சொல்கிறேன். பலர் இதை ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 பேரைப் பிரித்து 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு சாரார் ஆங்காங்கே ஓக் மரங்கள் நின்ற புல்வெளியில், மற்றவர்கள் வண்டிகள் இரையும் பெரிய சாலையோரத்தில். புல்வெளியில் நடந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஒன்றையே நினைப்பது குறைந்தது. அந்த நினைப்போடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. சாலையோரத்தில் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனால் இவர்கள் யாருக்கும் மனநோய் கிடையாது.

நோயாளிகளுக்கும் இது உதவுமா என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில் மனச்சோர்வு நோயுள்ள 20 பேர். நடக்கும் முன், இன்னும் ஆறாத ஒரு கசப்பான நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளச் சொல்லியே அனுப்பினார்கள். தனியாக நடந்தால் அந்த நினைப்பு இன்னும் முற்றிவிடுமோ என்ற நியாயமான பயம் இருந்தது. அப்படி நடக்கவில்லை. மரத்தோட்டத்தில் நடந்து திரும்பியபோது, நகர வீதியில் நடந்த நாளைவிட மனநிலையும் நினைவாற்றலும் நன்றாக இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் என் நோயாளிகளுக்கு மிக நெருக்கமானது என்பதால் இதையே அடிக்கடி சொல்கிறேன்.

கடைத்தெருவில் நடக்கும்போது ஹார்ன், பள்ளம், எதிரே வரும் பைக் என்று கவனத்தை வலிந்து பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சக்தி தீர்ந்துபோனால் வேண்டாத நினைப்பை ஒதுக்கவும் தெம்பிருக்காது. காட்டில் கண்ணும் காதும் தானாகப் போய் எதிலாவது நிற்கும். பிடித்து வைக்கும் வேலைக்கு அங்கே ஓய்வு. உளவியலாளர்களான கப்லான் தம்பதி தந்த விளக்கம் இது.

ஒருவரை அழகர்கோயிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் பாதையில் நடக்கச் சொன்னேன் (அடையாளம் மாற்றியிருக்கிறேன்). வண்டியில் ஏறக் கூடாது, போனைப் பையில் வைத்துவிட வேண்டும், வழியில் பார்த்த ஒன்றை அடுத்த முறை வந்து என்னிடம் சொல்ல வேண்டும். அதுவரை தம்பியோடு உள்ள வழக்கைத் தவிர வேறெதையும் பேசாத மனிதர். "ஒரு மரத்துல பட்டை உரிஞ்சு உள்ளே பச்சையா இருந்துச்சு டாக்டர். எறும்பு வரிசையா ஏறுது. ஒண்ணு மட்டும் செத்த பூச்சியைத் தூக்கிக்கிட்டு எதிரா எறங்குது, பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றார். வழக்கு அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் அதை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். சிகிச்சையில் எனக்கு வேண்டியது அந்த இடைவெளி.

"மனசு சரியானதும் போறேன்" என்பார்கள். மனச்சோர்வில் அந்த மனசு தானாக வராது. கால் முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும். கூட வரும் கணவரோ அக்காவோ வழியெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு வந்தால் பலனில்லை, சும்மா நடந்தால் போதும். கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்கு விடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவும் வேண்டாம். மலை தூரமென்றால் ஊர் ஐயனாரின் கோயில் காடு போதும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களைப் பார்த்த 2019 ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு இருந்தவர்கள், இல்லாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே தடவையா, பிரித்துப் பிரித்தா என்பதில் பெரிய வித்தியாசமில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம் என்பதால், அந்த எண்ணை நான் மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். நடக்க ஆரம்பித்த பின் மனசு லேசானது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்று பேசுகிறவரை எந்தக் காட்டுக்கும் தனியாக அனுப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரி நேரமென்றால் 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.